தண்டால், டம்பெல், ஜிம், கர்லாக்கட்டை: தோட்டத்து ஊரில் மேலுடல் வலிமைக்கு எது பொருந்தும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த பால்மரங்களில் (ரப்பர்) பெரும்பகுதி எண்ணெய் தரும் செம்பனையாக மாறி, லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, எங்கள் ஊர்க்காரர்களின் தோள்களும் மாறிவிட்டன. தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று மோட்டாரில் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை நின்றபடியோ உட்கார்ந்தபடியோ முடித்துத் திரும்புகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். நாற்பதை நெருங்கிய ஒரு நாள், பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தலைக்கு மேலிருந்த அலமாரித் தட்டில் ஏற்ற முடியாமல் பாதியில் இறக்கி வைத்தபோதுதான், உடலை வலுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அதன் பின் மூன்று ஆண்டுகளில் தண்டால், டம்பெல், ஜிம், கையில் பிடித்துச் சுற்றும் கனமான மரக்கட்டையான கர்லாக்கட்டை ஆகிய நான்கையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டேன்.

இந்த நான்கில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். செலவு முக்கியந்தான், ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. பளுவைச் சிறு சிறு படிகளாகக் கூட்டிக்கொண்டே போக முடியுமா என்பது ஒன்று. இழுக்கும் பயிற்சியைச் செய்ய அங்கே வழி இருக்கிறதா என்பது மற்றொன்று. மார்பு, தோளின் முன்பகுதி, கையின் பின்தசை ஆகியவை தள்ளுவதற்கானவை. முதுகு, தோளின் பின்பகுதி, கையின் முன்தசை ஆகியவை இழுப்பதற்கானவை. புதிதாகத் தொடங்குபவர்கள் கண்ணாடியில் தெரியும் முன்பகுதியை மட்டும் வளர்த்துவிட்டு முதுகை மறந்துவிடுவது வழக்கம். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன்.

தள்ளுவதைப் பொறுத்தவரை, வீட்டுத் தரையில் செய்யும் பயிற்சியை எந்தக் கருவியும் எளிதில் வெல்ல முடியாது. கை ஊன்றித் தரையில் சாதாரண புஷ் அப் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 64 விழுக்காடு கைகளின் மேல் விழுவதாக அளந்திருக்கிறார்கள். முழங்காலை ஊன்றிச் செய்தால் அது 49 விழுக்காடாகக் குறைகிறது. கைகளை ஓரடி உயரத்தில் வைத்தால் 55, ஈரடி உயரத்தில் வைத்தால் 41. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கு 29 கிலோவில் தொடங்கி 45 கிலோ வரை செல்லும் ஓர் ஏணியாகிறது. சமையலறை மேடை, கட்டில் விளிம்பு, வாசற்படி, தரை என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் காசு செலவில்லாமல் பளு கூடும். பழைய தண்டாலில் உடலை வளைத்து முன்னே பாய்ச்சி எழுவதால் தோளும் முதுகுத்தண்டும் கூடுதலாக அசைகின்றன. அதை முதல் மாதத்தில் தொடாமல், நேரான புஷ் அப் பத்து எடுக்க முடிந்த பிறகு கற்றுக்கொள்வது மேல்.

ஜிம்மில் இதற்கு இணையானது, பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ். அங்குள்ள வழக்கமான நீண்ட கம்பி தட்டு எதுவும் மாட்டாமலேயே 20 கிலோ இருக்கும். சமையலறை மேடையில் கை ஊன்றியும் நடுங்குகிற ஒருவருக்கு இந்த வெறும் கம்பியே எளிதான தொடக்கம். அதன் பிறகு இரு பக்கமும் 1.25 கிலோத் தட்டுகளைச் சேர்த்தால் மொத்தத்தில் 2.5 கிலோ கூடும்; 20-லிருந்து 22.5 என்பது உடல் பொறுத்துக்கொள்ளும் ஏற்றம்.

டம்பெல்லில் சிக்கல் வருவது இங்கேதான். நான் இணையத்தில் வாங்கியது, பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்த தட்டுகளை மாட்டிக் கழற்றும் வகை. அதில் சிறிய தட்டு 1.25 கிலோ, கைப்பிடியின் இரு முனைகளிலும் மாட்ட வேண்டியிருப்பதால் ஒரு கைக்கு ஒரே தாவலில் 2.5 கிலோ ஏறுகிறது. ஐந்து கிலோவைத் தலைக்கு மேல் தூக்கப் பழகியவர் அடுத்து ஏழரைக் கிலோவைத் தூக்க வேண்டும் என்றால் அது பாதிக்குப் பாதி கூடுதல். பலர் இந்த இடத்தில்தான் தோளைச் சுளுக்கிக்கொண்டு டம்பெல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு: எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுவது. எட்டு முறை தூக்கிய அதே எடையைப் பன்னிரண்டு, பதினைந்து முறை நல்ல வடிவில் தூக்க முடிந்த பிறகே தட்டை மாற்ற வேண்டும். இன்னும் இரண்டு மூன்று முறைக்கு மேல் முடியாது என்ற அளவுக்குத் தசை களைக்கும்வரை செய்தால், குறைந்த எடையிலும் தசை வளரும்.

இழுப்பதற்கு வருவோம். தள்ளும்போது தரை நம் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. கம்பியில் தொங்கும்போது அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. எழுபது கிலோ ஆள் எழுபது கிலோவையும் தூக்கியாக வேண்டும். அதனால்தான் இருபது புஷ் அப் எடுக்கும் இளைஞர்கள்கூடப் பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், இருக்கும் புல்லப் கம்பியில் தொங்கி ஒருமுறைகூட முகவாயைக் கம்பிக்கு மேல் உயர்த்த முடியாமல் கால்களை உதைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஜிம் தன் கட்டணத்துக்கு உண்மையான மதிப்பைத் தருவது இந்த ஓர் இடத்தில்தான். லேட் புல்டவுன் என்கிற இயந்திரத்தில் உட்கார்ந்து மேலேயுள்ள கம்பியை மார்புக்கு இழுக்கும்போது, எடைத் தட்டுகளின் அடுக்கில் ஊசியைச் செருகும் இடத்தைப் பொறுத்து இருபது கிலோவில் தொடங்கி, உடல் எடை வரைக்கும் படிப்படியாகப் போக முடியும். வீட்டில் இதற்கு நேரான மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

நேரான மாற்று இல்லையே தவிர, சுற்றுவழிகள் இருக்கின்றன. ஒரு கையையும் ஒரு முழங்காலையும் உறுதியான பெஞ்சில் ஊன்றி, மறுகையால் டம்பெல்லை இடுப்புவரை இழுப்பது முதுகுக்கு நல்ல பயிற்சி. பாடாங்கில் பிள்ளைகள் விளையாட வைத்த, இடுப்பளவு உயரமுள்ள கம்பி இருந்தால், அதன் கீழே படுத்தவாறு பிடித்துக் குதிகால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு மார்பைக் கம்பிக்கு இழுக்கலாம்; கால்களை மடக்கினால் எளிது, நீட்டினால் கடினம். உயரமான கம்பியில் ஒரு கல்லின் மேல் ஏறி முகவாயைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குவது மற்றொரு வழி. நான் முதல் புல்லப்பை எட்டியது இப்படி இறங்கி இறங்கித்தான். துண்டைச் சாப்பாட்டு மேசைக் காலில் கட்டி இழுக்கும் முறையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் மேசையில் தயவுசெய்து அதை முயல வேண்டாம்.

பாடாங்கின் குறை கம்பியில் இல்லை, வானத்தில் இருக்கிறது. தீபகற்பத்தில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடுவதால், காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு வெளிச்சமே கிடைக்காது. மாலையில், குறிப்பாக அக்டோபர், நவம்பர் மாதங்களில், இடியுடன் மழை கொட்டும். ஈரக் கம்பி கையை வழுக்கிவிடும். புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு நூறைத் தாண்டிவிட்டால் வெளியில் மூச்சு வாங்கப் பயிற்சி செய்வது நல்லதல்ல. இந்த நாள்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், பாடாங்கை மட்டும் நம்பிய மாதங்களில் என்னால் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் போக முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. கூரைக்கு அடியில் செய்ய ஏதாவது ஒன்று இருந்தால்தான் அந்த இரண்டு நாள் தேறும்.

ஜிம்முக்குக் கூரை உண்டு, விளக்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் நான் விசாரித்த இடங்களில் மாதக் கட்டணம் நூறு ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025-இல்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அதில் நூறு என்பது வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய தொகை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இரண்டாம் வாரத்திலிருந்து புரோட்டீன் பவுடர் விற்பதிலேயே குறியாக இருந்தார்கள். முதுகை வளைக்காமல் எடையை எப்படி எடுப்பது என்று காட்டித் தந்தவர் பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஆகவே மாதம் மாதமாகக் கட்டணம் வாங்கும் இடத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சேரும் முன் அங்கே புல்டவுன் இயந்திரம் பழுதில்லாமல் ஓடுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் அவசியம். அது ஓடவில்லை என்றால் மற்றவற்றுக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கர்லாக்கட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகளையும், முன்கையையும், பிடியையும் அது பழக்குவதுபோல வேறெதுவும் பழக்குவதில்லை; ஆனால் மார்புக்கும் முதுகுக்கும் போதிய பளுவை அது தராது. எங்கள் கோயில் மண்டபத்தில் சிலம்பம் கற்றுத்தரும் மாஸ்டர் பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் கட்டை சுற்ற வைப்பார். அந்தப் பத்து நிமிடம் மற்ற மூன்று வழிகளுக்கும் மிகச் சிறந்த முன்தயாரிப்பு. தனியாகச் செய்யச் சோம்பல்படுகிறவர்களை மாஸ்டரின் குரல் வாரந்தவறாமல் வரவைக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதுவரை சொன்னது உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்கிறவர்களுக்கு. இன்றும் செம்பனை அறுக்கப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்கக் கீழ்நோக்கி இழுப்பதும், இருபது கிலோவையும் தாண்டும் குலைகளைக் குத்தி எடுத்து ஏற்றுவதும் அவர்கள் வேலை. இழுக்கும் தசைகள் அவர்களுக்கு ஏற்கெனவே முறுகிக் கிடக்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கமாக. அப்படிப்பட்டவர் வேலை முடிந்து ஜிம்முக்குப் போய்ப் புல்டவுன் இழுப்பது, நோகும் தோளை மேலும் நோகடிப்பதாகும். வேலையில்லாத நாளில் வீட்டிலேயே தள்ளும் பயிற்சியும், மென்மையாகக் கட்டை சுற்றுவதும், நல்ல தூக்கமும் போதும். எங்கள் வரிசையில் இருக்கும் ஓர் அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “தம்பி, எனக்குத் தூக்கம் மட்டும் போதும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பெண்களுக்குச் சிற்றூர் ஜிம் வசதிப்படுவதில்லை என்பதை நேராகவே சொல்லிவிடலாம். சில இடங்களில் ஆண்களின் கூட்டம் மட்டுமே இருக்கும். சமையலறை மேடையில் கை ஊன்றும் புஷ் அப்பும், ஐந்து கிலோ அரிசிப் பையைத் துணிப்பைக்குள் போட்டு இடுப்புவரை இழுப்பதும் அவர்களுக்கு மூன்று மாதத்துக்குத் தாங்கும். என் மனைவி அப்படித்தான் தொடங்கினார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. தசை பருத்துத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துவதுபோல் வலித்தால் நிறுத்திவிட வேண்டும். சாப்பாட்டில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தால் தசை வளர்ச்சிக்குத் தாராளம். ஒரு முட்டையில் ஆறு கிராம், புளிக்கவைத்த சோயாவான தெம்பேயில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய பத்தொன்பது கிராம். இதோடு கோழி, மீன், பருப்பு என்று சேர்த்தால் பவுடர் இல்லாமலே சமாளிக்கலாம்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மிகுதி. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம். உண்ட சர்க்கரையை இரத்தத்திலிருந்து பெருமளவில் உறிஞ்சுவது தசைதான் என்பதால் வலுப்பயிற்சி அவர்களுக்கு நன்மையே செய்யும். ஆயினும் நாற்பதைக் கடந்தவர்கள், இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுக்க வேண்டும்.

என்னிடம் இப்போது யாராவது கேட்டால், முதலில் கம்பியில் தொங்கிப் பார்க்கச் சொல்கிறேன். இருபது விநாடிகூடத் தொங்க முடியாதவர், மாதம் நூறு ரிங்கிட் ஒதுக்க முடியுமானால் மூன்று மாதம் ஜிம்முக்குப் போய் இழுக்கும் பயிற்சியை முதன்மையாகச் செய்யட்டும். தள்ளுவதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். ஒதுக்க முடியாதவருக்கு ஒற்றை டம்பெல்லும் தாழ்ந்த கம்பியும் போதும். மூன்று மாதம் என்பது ஆறு மாதம் ஆகும், அவ்வளவே. நன்றாகத் தொங்க முடிந்தவர் பணத்தைச் செலவழிக்காமல் பாடாங்கிலேயே மெதுவாக இறங்கிப் பழகட்டும். நான் ஜிம்மை விட்டு ஒன்றரை ஆண்டாகிறது. திங்களும் வியாழனும் வீட்டுப் பின்புறக் கூரைக்கு அடியில், வெல்டிங் பட்டறையில் நூற்றிருபது ரிங்கிட்டுக்குச் செய்து வாங்கிய இரும்புக் கம்பியில் நான்கு செட் இழுக்கிறேன். மழை பெய்தாலும் துணிக்கொடியைச் சற்றே ஒதுக்கிவிட்டால் இடம் போதுகிறது.