மலையில் சீசன் வீடு: தனி வீடா, ஃப்ளாட்டா?

பனி விழும் மலை ஊரில் சீசனுக்கு ஒரு வீடு வாங்க நினைப்பவர் முதலில் மயங்குவது தனி வீட்டைப் பார்த்துத்தான். சரிவு, மரங்கள், சொந்த மண். ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீடு அது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாயில் நிற்கும் நீரை வடிக்காமல் பூட்டிவிட்டு வந்தால், விரிசல் விட்ட குழாய் பனி உருகும் நாளில்தான் தன் வேலையைக் காட்டும். கூரைப் பனியைத் தள்ள, அவ்வப்போது எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நீண்ட நாள் ஆளில்லாத வீடு என்றால் காப்பீட்டிலும் பல நிபந்தனைகள் வரும்.

ஃப்ளாட்டில் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்துக்குப் போய்விடும். பதிலுக்குப் பராமரிப்புக் கட்டணம், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். சங்க விதிகளை முதலில் படியுங்கள்: சில நாள் வாடகைக்கு விடத் தடை இருந்தால், வாடகையில் கடனை அடைக்கும் கணக்கு அங்கேயே முடிந்தது.

விற்கும்போது? ஃப்ளாட்டுக்குப் பக்கத்து ஃப்ளாட் போன விலையே அளவுகோல். தனி வீட்டுக்கு அப்படி நேரான அளவுகோல் கிடைப்பது அரிது. அதை விரும்பும் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அருகில் நம்பகமான ஆள் இல்லாதவருக்கு ஃப்ளாட்தான். எதுவானாலும் சீசன் இல்லாத ஈர மாதத்தில் ஒருமுறை போய், அலமாரியைத் திறந்து பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.