ட்ரெஷர் ஐலண்ட்: தென்னமரம் தேடிப் போகாதீங்க

தீவுக் கதைன்னா வெள்ளை மணல், இளநீர்னு நெனச்சுக்கிட்டு ஸ்டீவன்சனோட இந்த நாவல எடுத்தீங்கன்னா ஏமாந்துருவீங்க. 1883ல புக்கா வந்தது. தீவு பூரா பைனும் ஓக்கும்தான், பாதி கலிஃபோர்னியாவுல பாத்த நிலம்னு அவரே சொல்லிருக்காரு. அதுவும் நல்லதுக்குத்தான், 1858ல வந்த கோரல் ஐலண்ட் நாவல்ல பாலன்டைன் தேங்காய மட்டை உரிச்சே மரத்துல தொங்கவிட்ட கூத்துக்கு இது எவ்வளவோ தேவல (பாவம், மனுசன் கடைத் தேங்காயத்தான் பாத்திருக்காரு).

இந்தத் தீவு அழகாவே இல்ல, கதை சொல்ற பையன் ஜிம்முக்கு மொதப் பார்வையிலயே புடிக்காம போயிடுது. கப்பல் நங்கூரம் போட்ட எடத்துல ஒரே சதுப்பு, அழுகுன இலை நாத்தம், டாக்டர் லிவ்ஸி மோந்து பாத்துட்டு பொதையல் இருக்கோ என்னமோ, காய்ச்சல் இருக்குங்குறாரு. ஏதோ வர்ணனைன்னு தாண்டிப் போயிடுவோம், ஆனா கொள்ளக்காரனுங்க அந்தச் சதுப்புலயே டேரா போட்டு ரம்மக் குடிச்சுட்டு காய்ச்சல்ல விழுறதும், எதிராளி டாக்டரே வந்து மருந்து குடுக்குறதும், அதுக்கு முன்னாடியே அவரு தங்கியிருந்த மரக்கோட்டைய அவனுங்ககிட்ட விட்டுட்டு மேட்டுப் பக்கம் குகைக்கு மாறுறதும், எல்லாமே அந்தச் சேத்துலேருந்துதான் வருது. தீவுல தனியா விடப்பட்ட பென் கன் ஆட்டுத்தோல்ல செஞ்ச குட்டிப் படகுல ஜிம் ராத்திரி கப்பல் கயித்த அறுக்கப் போற எடமும் அப்டித்தான், துடுப்பு போட்டும் பிரயோஜனமில்ல, நீரோட்டம் இழுத்த பக்கம்தான் போறான். செம பகுதி.

1881ல ஸ்காட்லாந்துல இருந்தப்ப ஸ்டீவன்சன் மொதல்ல வரைஞ்சது தீவோட மேப்தான், அதப் பாத்துத்தான் கதையே எழுதுனாரு. பதிப்பகத்துக்கு அனுப்புன மேப் காணாமப் போயி, கதைய வச்சு திரும்ப வரைய வேண்டியதாப் போச்சாம். நான் வாங்குன மலிவுப் பதிப்புல அந்த மேப்பே இல்ல, கடுப்பாயிடுச்சு, எந்த மலை எங்கன்னே தெரியாம பாதி புக்கு ஓடுச்சு. வாங்குறப்ப புரட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

நடுவுல டாக்டர் கதை சொல்ற மூணு அத்தியாயம் கொஞ்சம் இழுவை, கப்பல் வார்த்தைங்களும் படுத்துது. கொள்ளக்காரத் தலைவன் சில்வரோட கிளி மலபார் வரைக்கும் போயிட்டு வந்துச்சுன்னு ஒரு வரி வரும், மிஸ் பண்ணாதீங்க. அஞ்சுக்கு நாலு, மேப் இருக்குற பதிப்புன்னா நாலரை.