1800 007 007: சென்டர்லிங்க் கடன் கடிதத்துடன் நான் அழைத்த எண்

அந்த எண் நேஷனல் டெட் ஹெல்ப்லைன் என்ற கடன் உதவிச் சேவையுடையது. பெயரைக் கேட்டதும் கிரெடிட் கார்டில் மூழ்கியவர்களுக்கும் வீட்டுக் கடன் தவணை தவறியவர்களுக்குமான இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகைகளைக் கொடுக்கும் சென்டர்லிங்க் அனுப்பும் கடன் கடிதத்துக்கும் அவர்கள் உதவுவார்கள் என்பது சிட்னியின் மேற்கில் எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மதிப்புரை. சேவை இலவசம். அவர்கள் கடன் கொடுப்பதும் இல்லை, எதையும் விற்பதும் இல்லை. நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்த காரணம் பின்னால் வரும்.

முதலில் எங்கள் கதை. என் கணவர் ஒரு களஞ்சியத்தில் பதினைந்து வருடம் வேலை செய்தார். சம்பளம் வருடத்துக்கு ஏறக்குறைய 86,000 டொலர். நான் முதியோர் இல்லத்தில் கேஷுவலாக 16,000 அளவில் உழைக்கிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். 2024-25 வருடத்துக்கு (ஜூலை முதல் ஜூன் வரை) நாங்கள் சென்டர்லிங்க்குக்குக் கொடுத்த வருமான மதிப்பீடு 102,000. ஜூன் மாதம் வரை அது சரியாகவே இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். ரிடண்டன்சிப் பணத்தோடு (ஆட்குறைப்புக்கான இழப்பீடு), எடுக்காமல் சேர்ந்திருந்த வருடாந்த விடுமுறைக்கும் நீண்டகாலச் சேவை விடுமுறைக்கும் உரிய காசு ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. விடுமுறைக் காசு மட்டும் 33,000க்கு மேல். வேலை போன வருடத்தில்தான் எங்கள் வீட்டு வருமானம் வரலாறு காணாத அளவு உயர்ந்தது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வரிக் கணக்கு முடிந்ததும் கடிதம் வந்தது. வருடம் முழுக்க இரண்டு கிழமைக்கு ஒருமுறை வாங்கிய ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட் (பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு) அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஐயாயிரத்துச் சொச்சம் டொலர்.

கடிதத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அன்ரி, "இது அந்த ரோபோடெட் தான் பிள்ளை, ஒரு சதமும் கட்டாதே" என்றார். சென்டர்லிங்க் முன்பு கணினி வைத்துத் தானாகவே போட்ட கடன்களுக்குத்தான் அந்தப் பெயர். அதே கிழமை, 'அரசாங்கக் கடனைக் குறைத்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கும் போன் பண்ணினேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னமே கட்டணம் எவ்வளவு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் 1800 007 007.

எடுத்தவர் ஃபினான்ஷியல் கவுன்சிலர், கடன் சிக்கலில் இலவசமாக ஆலோசனை சொல்பவர். முதலீட்டுக்கு வழி சொல்லும் ஃபினான்ஷியல் பிளானர் வேறு, இவர் வேறு. குரலில் அவசரம் இல்லை. கடன் தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், வாடகை கட்டியாகிவிட்டதா, வீட்டில் சாப்பாட்டுக்குக் காசு இருக்கிறதா, என் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் சம்பளம் குறைவு என்றேன். அதற்குப் பிறகுதான் கடிதத்தைத் திறக்கச் சொன்னார்.

ரோபோடெட் கேள்வியை நானே கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்துக்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். ரோபோடெட்டில், வரித் திணைக்களத்திடம் இருந்த வருட வருமானத்தை இரண்டு கிழமைத் துண்டுகளாகச் சராசரி போட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை உண்மையான சம்பளத்தை வைத்துப் பார்க்க வேண்டிய உதவித்தொகைகளுக்குக் கடன் கணக்கிட்டார்கள். அதுதான் சட்டவிரோதம். கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ரோயல் கமிஷன் 2023 ஜூலையில் அதைக் கிழித்து எழுதியது. ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டோ சட்டப்படியே முழு வருட வருமானத்தில் நிற்பது. ஜூனில் வந்த காசும் முந்திய ஜூலையில் வாங்கிய கொடுப்பனவைப் பாதிக்கும். யாரும் பிழை செய்யாமலே கடன் வரலாம். கேட்க மனம் கசந்தது, ஆனாலும் குழப்பம் தீர்ந்தது.

பிறகு எண்களுக்குப் போனோம். ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டில் பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு பகுதிகள். 2024-25இல் பார்ட் ஏ குறையத் தொடங்கும் எல்லை 65,189 டொலர். அதற்கு மேல் ஒவ்வொரு டொலருக்கும் 20 சதம் கழியும். பார்ட் பி வேறு மாதிரி. இரண்டு பேரில் அதிகம் உழைப்பவரின் வருமானம் 117,194ஐத் தாண்டினால் அந்த வருடத்துக்கு பார்ட் பி அடியோடு இல்லை. என் கணவருடைய 86,000 சம்பளமும் விடுமுறைக் காசும் சேர்ந்து அந்தக் கோட்டைச் சில ஆயிரத்தால் தாண்டியிருந்தது. பார்ட் ஏயும் கூட்டு வருமானத்தில் கரைந்து பூச்சியமானது. குடும்ப வருமானம் 80,000 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வருட முடிவில் பார்ட் ஏ சப்ளிமெண்ட் என்று ஒன்று வரும், இப்படியான கடனில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். நாங்கள் 80,000க்கு மேல், அந்த மெத்தை எங்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் அவர் செய்யச் சொன்ன வேலைதான் எனக்கு மிகவும் பிரயோசனப்பட்டது. அரசின் இணையக் கணக்கான மைகவ் வழியாக வரித் திணைக்களப் பக்கத்தில் என் கணவருடைய இன்கம் ஸ்டேட்மெண்டை (வருடச் சம்பள அறிக்கை) திறக்கச் சொன்னார். அதில் லம்ப் சம் ஏ, லம்ப் சம் டி என்று இரண்டு வரிகள். உண்மையான ரிடண்டன்சியில் வரி இல்லாத பகுதி டியில் வர வேண்டும். அது குடும்ப வருமானக் கணக்கில் சேராது. விடுமுறைக் காசு ஏயில் வரும், அது சேரும். முதலாளி இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் கடனே பொய்யாகிவிடும். எங்களுடையதில் சரியாகத்தான் இருந்தது. வருத்தம்தான், ஆனால் இனிச் சண்டை பிடிக்க அவசியமில்லை என்ற தெளிவாவது கிடைத்தது. என்னைப் போல் முதியோர் இல்லத்தில் வேலை செய்து சாலரி பேக்கேஜிங் (சம்பளத்தில் ஒரு பகுதியை வரி கழிக்கும் முன்பே செலவுகளுக்கு ஒதுக்குவது) எடுப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை என்பதால் சென்டர்லிங்க்குக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். வருமான மதிப்பீடு கொடுக்கும்போது அதையும் சேர்க்க வேண்டும்.

கணக்குப் பிழை என்று நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. முதலில் சென்டர்லிங்க்கின் உள் மறுபரிசீலனை. அதிலும் திருப்தி இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவியூ டிரிபியூனல் என்ற சுயாதீன மன்றம். 2024 அக்டோபரில் பழைய ஏஏடி மன்றத்தின் இடத்துக்கு வந்தது அது. அந்த அளவுக்குப் போனால் சமூக சட்ட நிலையங்களை நாடச் சொன்னார். அது சட்டத்தரணிகளின் வேலை, தன்னுடையது இல்லை என்று நேராகவே சொன்னார். எனக்கு அது பிடித்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்பவர்களை இந்த ஊரில் நிறையக் கண்டாகிவிட்டது.

திருப்பிக் கட்டுவது பற்றி. மாத வரவு செலவை என்னோடு சேர்ந்து எழுதி, இரண்டு கிழமைக்கு எவ்வளவு கட்டினால் மூச்சு விட முடியும் என்று ஒரு தொகைக்கு வந்தார். அதைச் சென்டர்லிங்க்கிடம் நாங்களே கேட்கலாம், மொத்தமாகக் கட்டத் தேவையில்லை. ஒன்றும் பேசாமல் கடிதத்தை லாச்சியில் போட்டு வைப்பதுதான் ஆபத்து. வரி ரீஃபண்ட் வந்தால் அதிலிருந்தே கழித்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னார். ரீஃபண்டை நம்பி ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல நேரத்தில் வந்த தகவல்.

சைல்ட்கேர் சப்சிடியையும் (பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவி) கேட்டேன், பிள்ளைகள் பள்ளி முடிந்து கேருக்குப் போகிறார்கள். 2024-25இல் 83,280 வரை 90 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு 5,000க்கும் ஒரு சதவீதம் குறையும். எங்கள் வருமானம் உயர்ந்ததால் ஆறேழு சதவீதம் கூடுதலாக வாங்கியிருந்தோம். ஆனால் சப்சிடியில் 5 சதவீதத்தை வருட முடிவுக் கணக்குக்காக அவர்கள் வழமையாகவே பிடித்து வைக்கிறார்கள். அந்தப் பிடிப்பு பெரும்பகுதியை மூடிவிட்டது. நிலையில்லாத வேலைக்காரர் வீட்டில் அந்தச் சதவீதத்தைக் கூட்டச் சொல்லியும் கேட்கலாமாம். இவ்வளவு நாளாக அந்தப் பிடிப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடத்துக்கு என்ன செய்தேன் என்றால், ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுப்பதை விட்டு வருட முடிவில் மொத்தமாக எடுக்கும் முறைக்கு மாறினேன். கையில் காசு இல்லாத வீட்டுக்கு இது சரிவராது. அவர்கள் இரண்டு கிழமைக் கொடுப்பனவை வைத்துக்கொண்டு, ஓவர்டைம் கூடியதும் மதிப்பீட்டை உடனே உயர்த்துவதுதான் நல்லது. எப்படி எடுத்தாலும், இரண்டு பேருடைய வரிக் கணக்கும் அடுத்த வருடம் ஜூன் 30க்குள் போய்விட வேண்டும். 2024-25க்கு அது 2026 ஜூன் 30. தவறினால் முழுத் தொகையும் கடனாக நிற்கலாம்.

சரி, குறை. ஹெல்ப்லைன் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 தொடக்கம் மாலை 4.30 வரைதான். ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு இது கஷ்டம். நான் தேநீர் இடைவேளையில் காருக்குள் இருந்துதான் கதைத்தேன். கடன் கடிதம் அதிகம் வருவது மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் வீடுகளுக்கு, அவர்களுக்குப் பகலில் போன் எடுக்க நேரம் எங்கே? ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் போனது.

ஆங்கிலத்தில் கணக்கு வழக்குப் பேசத் தயங்குபவர்கள் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450ஐ அழைத்துத் தமிழ் என்று சொல்லி, அங்கிருந்து ஹெல்ப்லைனை இணைக்கச் சொல்லலாம். சென்டர்லிங்க்கோடு தமிழில் பேச 131 202. எந்த எண்ணானாலும் கடன் கடிதம், இரண்டு பேருடைய இன்கம் ஸ்டேட்மெண்ட், கடைசியாகக் கொடுத்த மதிப்பீடு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். மைகவ் கடவுச்சொல்லையும் முன்னமே சரிபாருங்கள், என் கணவர் அதைத் தேடியதிலேயே என் தேநீர் ஆறிவிட்டது.