யூ-பூட்டில் இரட்டிக்கும் வன்பொருள் துவக்க நிரல்: தனித்தனிப் படிகளா, பொதுக் கோப்பா, டிவைஸ் ட்ரீயா?

ஒரே சிப் குடும்பத்தைக் கொண்டு பல போர்டுகளைச் செய்யும் எந்தச் சிறு நிறுவனத்திலும் இந்தக் கேள்வி ஒரு நாள் எழும். புதிய போர்டு வந்ததும், மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி வன்பொருளைத் தயார்செய்து லினக்ஸை ஏற்றும் யூ-பூட்டின் மூலநிரலில் பழைய போர்டுக்கு இருக்கும் அடைவை அப்படியே படியெடுத்துப் பெயரை மாற்றி, சிப்பின் இணைப்புக் கால்களான பின்களில் இரண்டையும் ஒரு மெமரி அட்டவணையையும் திருத்திவிட்டால் அது அன்றே எழுந்து நின்றுவிடும். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், கட்டடங்களின் நீரேற்றி அறைகளுக்கும் குளிரூட்டும் நிலையங்களுக்கும் ஐஎம்எக்ஸ்6 சிப்பில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்கிறோம். 2021இன் சிப் தட்டுப்பாட்டில் மெமரியும் மின்சீராக்கியும் கிடைத்ததை வைத்து மாற்றப்பட்டபோது, ஒவ்வொரு மாற்றும் ஓர் அடைவாக முளைத்தது. அவற்றை ஒன்றிணைக்கத் தீர்மானித்தபோது எங்கள்முன் மூன்று வழிகள் இருந்தன: தனித்தனிப் படிகளை அப்படியே விடுவது, எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கோப்பு, வன்பொருள் விவரங்களை நிரலுக்கு வெளியே தரவாக எழுதிவைக்கும் டிவைஸ் ட்ரீ. நாங்கள் தேர்ந்தது மூன்றாவது வழி; மெமரியைத் துவக்கும் பகுதியை மட்டும் இரண்டாவது வழியிலேயே விட்டுவைத்தோம். இதே வேலையில் இருக்கும் இங்குள்ள தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் காரணம் கேட்டதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் வழி, படிகளை அப்படியே விட்டுவிடுவது. இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது நியாயமன்று. எங்கள் குழுவின் இளைய பொறியாளர் ஒருவர், “ஒரு போர்டுக்குச் செய்யும் திருத்தம் இன்னொரு போர்டைத் தொடவே கூடாது, அண்ணே, தொட்டால் அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும்” என்று வாதிட்டார். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. உற்பத்தி நின்றுபோய், புதிய பதிப்பே தேவைப்படாத ஒரு போர்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை.

இரண்டாவது வழி, எல்லாப் போர்டுகளுக்கும் ஒரே சி மொழிக் கோப்பை வைத்து, இது எந்தப் போர்டு என்பதை ஓடும் நேரத்திலேயே கண்டறிவது. இதற்கு நல்ல முன்னுதாரணம் யூ-பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் போர்டுகளுக்கான நிரல், ஐ2சி என்னும் இருகம்பி இணைப்பு வழியாக, போர்டின் அடையாளம் எழுதப்பட்ட ஈப்ராம் என்னும் சிறு நினைவகச் சிப்பைப் படித்து, தான் இயங்குவது பீகிள்போன் பிளாக்கிலா வேறொரு மதிப்பீட்டுப் போர்டிலா என்று அறிந்துகொள்கிறது. ஒரே இமேஜ் (கருவியில் எழுதப்படும் தொகுத்த நிரல் கோப்பு) பல போர்டுகளுக்குப் போதுமானதாகிறது.

இந்த வழியின் பெரும்பலன் மெமரியில்தான் தெரிகிறது. ஐஎம்எக்ஸ்6இன் பழைய முறையில், டிடிஆர் மெமரியின் கட்டுப்படுத்திக்கான மதிப்புகள் இமேஜின் தலைப்பகுதியில் ஓர் அட்டவணையாக வைக்கப்படும். நம் நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே சிப்பின் பூட் ரோம் (அதிலேயே பதிந்திருக்கும் மாறாத தொடக்க நிரல்) அதைப் படித்து, வன்பொருளின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் பதிவேடுகளில் வரிசையாக எழுதிவிடும். அந்த அட்டவணையில் கிளைபிரிந்து தேர்வு செய்ய வழியில்லை என்பதால், ஒற்றை மையச் சிப்புடன் 512 மெகாபைட், நான்கு மையச் சிப்புடன் 2 கிகாபைட் என ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி இமேஜ் வேண்டும். தொழிற்சாலையில் எந்தப் பெட்டிக்கு எந்த இமேஜ் என்று ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். எஸ்பிஎல் முறையில், சிப்பின் உள் நினைவகத்தில் ஓடும் சிறிய முதற்கட்ட நிரலே சிப்பின் வகையைக் கேட்டறிந்து, போர்டில் பற்றவைத்த அடையாள மின்தடைகளைப் படித்து, உரிய அளவுத்திருத்த மதிப்புகளைத் தேர்ந்துகொள்கிறது. மெமரி எவ்வளவு இருக்கிறது என்பதையும், இரண்டின் அடுக்குகளாக உயரும் முகவரிகளில் எழுதிப் படித்துப் பார்க்கும் செயற்கூறு யூ-பூட்டிலேயே இருப்பதால், நிரலில் எண்ணாகப் பொறித்து வைக்கத் தேவையில்லை.

ஆனால் மெமரியைத் தாண்டி மற்ற எல்லாவற்றையும் இதே கோப்பில் சேர்க்கத் தொடங்கினால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு போர்டும் ஒரு நிபந்தனையாகி, நிபந்தனைக்குள் நிபந்தனை வளர்ந்து, ஈதர்நெட் சிப்பை மீட்டமைக்கும் பின் எந்தப் போர்டில் எது என்பதை அறியப் பத்துத் திரைகள் கீழே போக வேண்டியிருக்கும். வலுவற்ற செயற்கூறுகளை (அதே பெயரில் வேறொன்று எழுதப்பட்டால் அதற்கு இடம்விடும் இயல்புநிலைச் செயற்கூறுகளை) மேலெழுதிக் கிளைகளைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் நிரல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பான் முறையிடாது. ஒன்றும் செய்யாத இயல்புநிலைச் செயற்கூறே அமைதியாக ஓடிவிடும். இதைவிட நுட்பமான பொறி ஒன்றும் உண்டு. கண்டறிந்த போர்டு எண்ணை ஒரு நிலைத்த மாறியில் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் யூ-பூட் தன்னை மெமரியின் மேற்பகுதிக்கு இடம் மாற்றிக்கொள்வதற்கு முன், தொடக்கமதிப்பில்லாத மாறிகளுக்கான இடம் ஏஆர்எம் வகைச் சிப்புகளில் இமேஜின் வாலில் ஒட்டியிருக்கும் டிவைஸ் ட்ரீயின் மேலேயே விழக்கூடும். அங்கே எழுதுவது அந்த மரத்தைச் சிதைப்பதாகும். அதன் விளைவு வெகுதூரம் தள்ளி, தொடர்பே இல்லாத ஓர் இடத்தில் தலைகாட்டும்.

மூன்றாவது வழி, போர்டுகளுக்கிடையிலான வேறுபாடுகளை நிரலிலிருந்து எடுத்துத் தரவாக மாற்றுவது. அதாவது டிவைஸ் ட்ரீயையும் டிரைவர்களை ஒரே சட்டகத்தில் அமைக்கும் யூ-பூட்டின் டிரைவர் மாடலையும் முழுமையாகப் பயன்படுத்துவது. லினக்ஸ் கெர்னலில் ஏஆர்எம் போர்டுக் கோப்புகள் பெருகியதை 2011இல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகு அங்கு டிவைஸ் ட்ரீக்கு நடந்த மாற்றத்தின் வழியில்தான் யூ-பூட்டும் நடந்தது. சிப் கட்டமைப்புதோறும் தனித்தனியாக இருந்த போர்டுத் துவக்க வரிசை 2013இல் பொதுவான இரு கோப்புகளாக, இடமாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக, ஒன்றிணைக்கப்பட்டது. 2014இல் டிரைவர் மாடல் வந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது என்றால், முன்பு சி கோப்பில் பின்களின் நீண்ட பட்டியல், அதை அமைக்கும் அழைப்பு, மீட்டமைப்புப் பின்னைத் தாழ்த்தி, சில மில்லிநொடி காத்து, உயர்த்தும் வரிகள் என்று இருந்தவை, டிவைஸ் ட்ரீயில் சில பண்புகளாகச் சுருங்குகின்றன. டிரைவர் அவற்றைப் படித்துத் தானே செய்துகொள்கிறது. சிப்புக்கு ஒரு பொதுக் கோப்பு, எங்கள் போர்டுக் குடும்பத்துக்கு ஒன்று, கடைசியில் ஒவ்வொரு போர்டுக்கும் அதன் வேறுபாட்டை மட்டும் சொல்லும் சிறு கோப்பு என மூன்று அடுக்குகள். எஸ்பிஎல், அடையாள மின்தடைகளைப் படித்து, ஒரே இமேஜுக்குள் இருக்கும் பல டிவைஸ் ட்ரீக்களில் பொருத்தமானதைத் தேர்ந்து யூ-பூட்டிடம் கொடுக்கிறது. பலர் கணக்கில் சேர்க்காத இன்னோர் இரட்டிப்பும் இதனால் மறைகிறது. அதே பின் விவரம் யூ-பூட்டில் ஒரு முறையும் கெர்னலில் ஒரு முறையும் எழுதப்பட்டு, காலப்போக்கில் இரண்டும் வெவ்வேறாக நகர்ந்துவிடுவதை இதே தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். 2024 முதல் யூ-பூட் தன் மூலநிரலுக்குள்ளேயே கெர்னலின் டிவைஸ் ட்ரீ கோப்புகளைச் சேர்த்துவைத்து நேரடியாகப் பயன்படுத்த வழிசெய்திருப்பதால், யூ-பூட்டுக்கு மட்டும் தேவையான சில வரிகளைத் தனிக் கோப்பில் வைத்தால் போதும்.

இந்த வழியின் விலை எஸ்பிஎல்லின் அளவில் இருக்கிறது. ஐஎம்எக்ஸ்6இன் சிறிய வகைகளில் உள் நினைவகம் 128 கிலோபைட்தான். பூட் ரோமின் பங்கைக் கழித்து, எல்லா வகைகளுக்கும் பொதுவாக எஸ்பிஎல்லுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 64 கிலோபைட். அதற்குள் டிரைவர் மாடல், டிவைஸ் ட்ரீ நூலகம், எம்எம்சி (மெமரி கார்டு) டிரைவர் ஆகியவற்றோடு மெமரிக் கணக்குகளையும் அடைப்பது நெருக்கடியான வேலை. டிவைஸ் ட்ரீயில் தேவையான முனைகளுக்கு மட்டும் துவக்கக் குறியிட்டு மற்றவற்றை வடிகட்டும் வசதி இருந்தாலும், மெமரியின் அளவுத்திருத்த மதிப்புகளை டிவைஸ் ட்ரீக்குள் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மதிப்புகளைக் கெர்னல் ஒருபோதும் படிக்கப் போவதில்லை. சி அட்டவணையிலேயே அவை தெளிவாகவும் சிறியதாகவும் இருக்கின்றன. ஆகவேதான் அந்த ஒரு பகுதியைப் பொதுச் சி கோப்பில் விட்டோம்.

எங்கள் தேர்வைத் தீர்மானித்தது, முதலில் போட வேண்டிய உழைப்போ வரிகளின் எண்ணிக்கையோ அல்ல, பராமரிப்பு. யூ-பூட் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வெளியாகிறது. உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய முறையைக் கைவிடக் கெடுவும் வைப்பார்கள். எம்எம்சி டிரைவர்கள் புதிய மாடலுக்கு மாற 2019.04 பதிப்பும், யூஎஸ்பிக்கு 2019.07உம், ஈதர்நெட்டுக்கு 2020.07உம் கெடுவாக அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் மாறாத போர்டுகள் பல, காலப்போக்கில் மூலநிரலிலிருந்தே நீக்கப்பட்டன. எங்களைப் போல் தங்கள் போர்டு நிரலை வெளியே வைத்திருப்பவர்களுக்கு நீக்கம் என்பது இல்லை; ஆனால் புதிய பதிப்பில் தொகுக்கவே முடியாத நிலை வரும். முதல் வழியில் இருந்தால் ஒவ்வொரு அடைவையும் தனித்தனியே மாற்ற வேண்டும். இரண்டாவதில் ஒரு பெரிய கோப்பை மாற்ற வேண்டும். மூன்றாவதில் மாற்றுவதற்கு அநேகமாகச் சி நிரலே இருக்காது. டிவைஸ் ட்ரீயின் பண்புப் பெயர்கள் பல மென்பொருள்களுக்குப் பொதுவான ஒப்பந்தம் என்பதால் அவற்றை யாரும் எளிதில் மாற்றுவதில்லை. சி செயற்கூறுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

புதிய பதிப்புக்கு மாறாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2019இல் யூ-பூட்டின் வலையமைப்பு, என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) பகுதிகளில் 13 பாதுகாப்பு ஓட்டைகள் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அத்தகைய ஓட்டைகள் இருப்பது பொது நிரலில். ஆனால் அவற்றுக்கான திருத்தம் நம் கருவிகளை எவ்வளவு விரைவில் சென்றடையும் என்பதை முடிவுசெய்வது நம் போர்டு நிரல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதுதான். சிங்கப்பூரில் சைபர் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய முத்திரைத் திட்டம் வீட்டுச் சாதனங்களை முன்வைத்தது என்றாலும், அதன் முதல் நிலையிலேயே மென்பொருள் புதுப்பிப்பு வழங்குவது நிபந்தனையாகிவிட்டது. எங்கள் வாடிக்கையாளர்களும் இப்போது ஒப்பந்தப் பேச்சிலேயே அதைக் கேட்கிறார்கள். புதிய பதிப்பின் திருத்தங்களைப் பழைய படிகளில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இளைய பொறியாளரின் அச்சத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பொதுவாக்கிய நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் அது எல்லாக் கருவிகளையும் ஒருசேர வீழ்த்தும். எங்கள் கருவிகளில் சில ஜூரோங் தீவில் இருக்கின்றன; எழாமல் போன ஒரு போர்டைச் சீரியல் கேபிளுடன் சென்று மீட்க, முதலில் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். எனவே ஒன்றிணைப்பைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எதுவும் மாறவில்லை என்பதை நிரூபித்த பிறகே அடுத்ததற்குப் போனோம். டிவைஸ் ட்ரீயைப் பொதுக் கோப்பாகப் பிரிக்கும்போது, முன்னும் பின்னும் கிடைத்த இரும வடிவங்களை மீண்டும் உரையாக்கி, முனைகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டால், ஒரு வரி கூட வேறுபடக் கூடாது. சி நிரலை டிவைஸ் ட்ரீக்கு மாற்றும்போது இந்த ஒப்பீடு உதவாது. அங்கே யூ-பூட் கட்டளை வரியிலிருந்தே பின் அமைப்புப் பதிவேடுகளின் மதிப்புகளை அச்சிட்டு, பழைய இமேஜின் மதிப்புகளோடு ஒப்பிட்டோம். வேறுபாடு தெரிந்த இடங்களில் சில, பழைய நிரல் தேவையின்றி அமைத்த பின்களாகவே இருந்தன. எஸ்பிஎல்லின் அளவு படிப்படியாகப் பெருகுகிறதா என்று பார்க்க, யூ-பூட்டுடனேயே வரும் பில்ட்மேன் கருவி ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்குக் காட்டும். இறுதியாக, ஒவ்வொரு வகைப் போர்டிலும் ஒன்றை அலமாரியில் அடுக்கி, மின்சாரத்தை ரிலே மூலம் துண்டித்து இணைத்து, மூலநிரலோடு வரும் பைதான் சோதனைகளை ஓடவிடுகிறோம். இந்த அலமாரி இல்லாமல் இரண்டாவது வழிக்கோ மூன்றாவது வழிக்கோ போகுமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவை அனைத்தும் 32 பிட் ஐஎம்எக்ஸ்6 போர்டுகளில் கிடைத்த அனுபவம். ஐஎம்எக்ஸ்8எம் போன்ற 64 பிட் சிப்புகளில் நம்பகத் தளநிரல் என்னும் பாதுகாப்பு நிரல் எஸ்பிஎல்லுக்கும் யூ-பூட்டுக்கும் இடையில் வருகிறது. டிடிஆர் பயிற்சிக்கு (மெமரியின் நேர அமைப்புகளைத் துவக்கத்தில் சரிசெய்வதற்கு) தயாரிப்பாளர் தரும் இருமக் கோப்பும் தேவைப்படுகிறது. அங்கே மெமரிப் பகுதியைப் பற்றிய என் கணிப்பு அப்படியே பொருந்தும் என்று உறுதிகூற, நான் அவற்றில் செய்த வேலை போதாது. கையொப்பமிட்ட இமேஜ்களை மட்டுமே ஏற்கும் கருவிகளில், ஒரே இமேஜுக்குள் பல டிவைஸ் ட்ரீக்களை வைப்பது கையொப்ப முறையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய வேலை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

இன்று தொடங்குபவர்கள் ஈதர்நெட்டையும் எம்எம்சியையும் முதலில் டிவைஸ் ட்ரீக்கு மாற்றுங்கள்; கெர்னலில் அவற்றுக்கான விவரம் பெரும்பாலும் முன்பே இருக்கும். திரையை அதற்கடுத்து வைத்துக்கொள்ளலாம். மின்சீராக்கியைக் கடைசியில் தொடுங்கள். அதன் மின்னழுத்தம் தவறினால் போர்டே கெடக்கூடும். உற்பத்தி நின்ற போர்டுகளின் பழைய அடைவுகளை அவற்றின் பழைய பதிப்போடு ஒரு தனிக் கிளையில் பூட்டிவைத்துவிட்டு, ஒன்றிணைக்கும் வேலையில் அவற்றைச் சேர்க்காமல் விடுங்கள்.