லீசிங்கில புது போட் எடுக்கிற ஆக்கள் இன்சூரன்ஸ் கடதாசிய வாசிச்சுப்போட்டு சைன் வையுங்கோ

முதல்லயே சொல்லிப்போடுறன், நாங்கள் கடைசியா எடுத்த பொலிசிக்கு 5க்கு 3தான் குடுப்பன், ஆனா அதுக்கு முதல் எங்களுக்குக் காட்டின மற்ற ரெண்டு பொலிசியையும் பாத்த கண்ணுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை. அண்ணை புது ஃபைபர் போட்டும் 40 குதிரை யமஹா எஞ்சினும் லீசிங்கில எடுத்தவர், கடல் தொழில் அவருக்கு, கடதாசி அலுவல் எல்லாம் எனக்கு, அதால இதை நான் எழுதுறன்.

லீசிங் கொம்பனியே ஒரு இன்சூரன்ஸ் ஒழுங்குபண்ணித் தரும், சைன் வைச்சா அலுவல் முடிஞ்சுது எண்டு கரையில கனபேர் நினைக்கினம். எங்களுக்கு வந்த கடதாசியில போட்டிருந்த தொகை அவையின்ர கடன் காசு மட்டும்தான், போட்டின்ர பெறுமதி இல்லை. அண்ணை நகை அடகு வைச்சுப் போட்ட முற்பணம் அதுக்க எங்கயும் இல்லை. நாளைக்கு போட் முழுசா கடலுக்க தாண்டு போனா அந்தக் காசு நேர லீசிங்குக்குத்தான் போகும், எங்களுக்கு மிச்சம் கடற்கரை மணல்தான்.

பாதிச் சேதம் வந்தா அதவிட மோசம். 30 லட்சம் பெறுமதியான சாமானை 20 லட்சத்துக்குப் போட்டு வைச்சா, 6 லட்சத்துக்கு உடைஞ்சாலும் மூண்டில ரெண்டு பங்கு, அதாவது 4 லட்சம்தான் கணக்கு, மிச்சத்துக்கு நீங்களே பொறுப்பு, அந்த 4இலயும் எக்செஸ் எண்டு, நீங்களே பொறுக்கவேண்டிய பங்கு எண்டு, ஒரு துண்டு வெட்டுவினம். கவுண்டரில இருந்த பெடியனிட்ட இதைக் கேட்டன், "அக்கா எல்லாரும் இப்பிடித்தான் போடுறவை" எண்டான், எல்லாரும் போட்டா சரியாயிடுமோ? 2022இல டொலர் 200 ரூபாவில இருந்து 360 தாண்டினதை மறந்துபோனமே, எஞ்சின் வெளிநாட்டுச் சாமான், அதால வருசா வருசம் புதுப்பிக்கேக்க இண்டைக்கு அந்த எஞ்சின் கடையில என்ன விலை எண்டு பாத்து தொகையை மாத்தச் சொல்லோணும், பழைய தொகையையே அடிச்சு அனுப்புவினம், விடாதையுங்கோ.

ரெண்டாவதா ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தவர், நல்லாக் கதைப்பார், பிறீமியமும் மலிவு. பொலிசி வாசகத்தைக் காட்டுங்கோ எண்டா படம் போட்ட நோட்டீஸைத்தான் நீட்டுறார். விடாம நச்சரிச்சு வட்சப்பில எடுப்பிச்சன், முழுக்க இங்கிலீஷ், பொடி எழுத்து. வாசிச்சா, திறந்த கடற்கரைக்கு முன்னால ஆளில்லாம நங்கூரம் போட்டு விட்ட போட் தாண்டாலோ கயிறு அறுந்து போனாலோ காசு இல்லையாம். எங்கட முல்லைத்தீவில கள்ளப்பாட்டில இருந்து அளம்பில் மட்டும் திறந்த கரைதானே, துறைமுகத்துக்கு நாங்கள் எங்க போறது? இது வெளிநாட்டில உல்லாசப் படகு வைச்சிருக்கிற ஆக்களுக்கு எழுதின வாசகம், அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து எங்கட தலையில கட்டுறாங்கள். அதே பக்கத்தில இன்னும் ரெண்டு கிடக்கு: எஞ்சின் கழண்டு கடலுக்க விழுந்தா இல்லை, களவு போனாலும் சும்மா திருகாணியில நிண்ட எஞ்சினுக்கு இல்லை, தனியா களவுப் பூட்டு போட்டிருக்கோணும். பூட்டு வாங்கிறது நியாயம், அதை நான் குறை சொல்லமாட்டன், ஆனா சொல்லித்தானே விக்கோணும்.

கடைசியா எடுத்தது கிளிநொச்சியில ஒரு கிளையில. பிறீமியம் கூட, மறைக்கேல்ல. ஆனா பெறுமதியை முதல்லயே ரெண்டு பகுதியும் ஒத்துக்கொண்டு பொலிசியிலயே எழுதிப்போடுவினம், முழுசாப் போனா பழசாப்போச்சு, தேய்ஞ்சுபோச்சு எண்டு குறைக்க ஏலாது. போட், எஞ்சின், ஜிபிஎஸ் எல்லாம் தனித்தனி வரியில விலையோட போடுவிச்சனாங்கள். போட்டைப் பாத்து மதிக்க வந்த சேர்வேயர் ஐயாவைப் பற்றி நல்லதா சொல்லியே ஆகோணும், வெயிலுக்க மண்ணில முழங்கால் குத்தி எஞ்சின் கிளாம்ப் பக்கத்தில இருக்கிற தகட்டை லேஞ்சியால துடைச்சு நம்பரை எழுத்தெழுத்தா வாசிச்சு, பில்லில இருந்த நம்பரோட பாத்து, அதில ஒரு எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டுபிடிச்சவர். அந்தப் பிழையோட கிளெய்முக்குப் போயிருந்தா எவ்வளவு இழுத்தடிச்சிருப்பினமோ. திறந்த கரை விசயத்தையும் அவரிட்டையே கேட்டன், வாடைக்காத்து மாதங்களில போட்டை மேல இழுத்து வைக்கோணும் எண்ட நிபந்தனையோட கரையில நிக்கிறதுக்கும் காப்புறுதி உண்டு எண்டு தனித் தாளில எழுதி சீல் குத்தித் தந்தவை. வாய்ச்சொல்லை நம்பாதையுங்கோ, தாள் வேணும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கால கரையேறினது ஞாபகம் இருக்கும்தானே, புயல் சொல்லிப்போட்டுத்தான் வரும், இழுக்கிறதுக்கு டிராக்டர்தான் அண்டைக்குப் பாத்துக் கிடைக்காது. டிராக்டர் கூலிக்குத் துண்டு வாங்கி வையுங்கோ, இழுத்து வைச்ச பிறகு போனில ஒரு படமும் எடுங்கோ, கவனமா இருந்தம் எண்டதுக்கு அதுதான் சாட்சி.

மேற்குக் கரையில நாச்சிக்குடா பக்கம் சொந்தக்காரரிட்ட போட்டை ரோட்டால கொண்டுபோறதுக்கும் முதல்லயே எழுதுவிக்கோணும், இல்லாட்டி வழியில பிரண்டா காசு இல்லை. போட்டில போற ஆக்களின்ர விபத்துக் காப்புறுதி தனி, எடுத்தனாங்கள், அதில மிச்சம் பிடிக்காதையுங்கோ.

ஏன் 3 எண்டா, தமிழில பொலிசி இல்லை, கேட்டா சிரிக்கினம். போட் பைல் எல்லாம் கொழும்புக்குப் போய்த்தான் வரும், கிளையில இருக்கிற ஆக்களுக்கு மோட்டச்சைக்கிள் இன்சூரன்ஸ்தான் தண்ணிபட்ட பாடு. எல்லை தாண்டிப் பிடிபட்டா இல்லை, அது விளங்குது. ஆனா கடலுக்க விரிச்ச வலைக்கும் இல்லை எண்டதுதான் வயித்தெரிச்சல், இஞ்ச கூட அடிபடுறது வலைதானே, இந்திய றோலர், அதான் இழுவைப்படகு, ஒரு இரவு வந்து அறுத்துக்கொண்டு போனா அந்த மாசத் தொழிலே போச்சு. எந்தக் கொம்பனியாவது வலைக்கும் போடுதெண்டா, பொலிசி வாசகத்தோட ஆராவது எழுதுங்கோ, நோட்டீஸ் வேண்டாம்.