ஒரே கார்டு, இரண்டு டிரைவர்: ஃப்ரீபிஎஸ்டியில் ஏழு ஆண்டுகள்

2017 கடைசியில் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கோப்பு சர்வர் கட்டினேன். பழைய சர்வர் ஒன்றிலிருந்து கிடைத்த எல்எஸ்ஐ மெகாரெய்டு 9271-8ஐ கார்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு), 4 டெராபைட் வட்டுகள் ஆறு, இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி 11.1. ஆறையும் ரெய்டு 6 ஆகச் சேர்த்தால் இரண்டு வட்டுகளின் இடம் பாரிட்டிக்கு (வட்டு போனால் தரவை மீட்க உதவும் கணக்கு) போய்விடும், மீதி 16 டெராபைட் கையில் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு வட்டு போனாலும் வேலை நிற்காது. அதே கார்டு இன்றும் ஓடுகிறது. அதன் டிரைவரோடு, அதாவது கார்டை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலோடு, பழகிய கதைதான் இது.

டிரைவர் என்றதும் பலர் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ரெய்டு கார்டு விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கார்டு ஆறு வட்டுகளையும் தனக்குள் வைத்துக்கொண்டு இயங்குதளத்துக்கு ஒரே ஒரு பெரிய வட்டைத்தான் காட்டும். உள்ளே எது நோயில் படுத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க ஒரே ஜன்னல் டிரைவர்தான். அந்த ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்பதே முக்கியம்.

இந்தக் கார்டில் இருப்பது எஸ்ஏஎஸ் 2208 சிப். ஃப்ரீபிஎஸ்டியில் இதை ஓட்ட இரண்டு டிரைவர்கள் உண்டு. ஒன்று 6.1 பதிப்பில் வந்த பழைய எம்எஃப்ஐ. இன்னொன்று 10.1-இல் எல்எஸ்ஐ கொடுத்த எம்ஆர்சாஸ். இரண்டுமே இயல்பாக வரும் ஜெனரிக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருப்பதால் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. 11.1-இல் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எம்எஃப்ஐ முந்திக்கொண்டு கார்டைப் பிடித்துவிடும். எம்ஆர்சாஸுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் டிவைஸ்.ஹின்ட்ஸ் கோப்பில் 'ஹெச்டபிள்யூ.எம்எஃப்ஐ.எம்ஆர்சாஸ்_எனேபிள்' என்ற மாறிக்கு 1 என்று எழுத வேண்டும். இந்தத் தலைமுறைக் கார்டை முதல்முறையாகப் போடுகிறவர்கள் எம்ஆர்சாஸோடு தொடங்குவது நல்லது என்று கையேட்டுப் பக்கமே சொல்கிறது. நான் அதை அப்போது படிக்கவில்லை. நிறுவல் வட்டு எதைக் கொடுத்ததோ அதையே வைத்துக்கொண்டேன்.

அதில் எனக்கு நன்மையும் இருந்தது. எம்எஃப்ஐயோடு எம்எஃப்ஐயூட்டில் என்ற கட்டளை கூடவே வருகிறது, வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். 'ஷோ டிரைவ்ஸ்' என்றால் வட்டுகளின் நிலை, 'ஷோ ஈவென்ட்ஸ்' என்றால் கார்டின் நாட்குறிப்பு, 'ஷோ பேட்டரி' என்றால் மின்கலத்தின் உடல்நிலை. 2019-இல் ஒரு வட்டு போனது. 'லொக்கேட்' கட்டளை கொடுத்ததும் அந்த வட்டின் விளக்கு சிமிட்டத் தொடங்கியது, ஆறில் எது என்று தேடவே தேவைப்படவில்லை. கழற்றினேன், புதியதைச் சொருகினேன், ரீபில்டு (புதிய வட்டில் தரவை மீண்டும் உருவாக்குவது) தானாகவே ஆரம்பித்தது. அச்சகம் ஓடிக்கொண்டிருக்க, ஏறத்தாழ ஒன்றரை நாளில் முடிந்தது. அந்த ஒன்றரை நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் ஒரு கோப்பும் போகவில்லை.

வட்டுகளின் ஸ்மார்ட் விவரம் (வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கு) வேண்டுமென்றால் எம்எஃப்ஐபி என்ற துணை மாட்யூலை ஏற்றினால் போதும். மறைந்திருந்த ஒவ்வொரு வட்டும் 'பாஸ்' சாதனமாகத் தலைகாட்டும், ஸ்மார்ட்சிடிஎல் நிரல் அதைப் படித்துவிடும்.

ஒருமுறை மட்டும் திரையில் 'டைம்அவுட் ஆஃப்டர் 59 செகண்ட்ஸ்' என்று வரிசையாக வரிகள் விழுந்தன. டிரைவரைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் கார்டிலிருந்து வட்டுகளுக்குப் போகும் கேபிள் முழுதாக உட்காரவில்லை. அழுத்தி விட்டேன், அதன்பின் அந்த வரி வரவே இல்லை. இந்தச் செய்தியைப் பார்த்தால் கெர்னலைத் தொடுவதற்கு முன் கேபிளைத் தொடுங்கள்.

மின்கலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்டில் 1 ஜிகாபைட் கேஷ் இருக்கிறது. எழுத வேண்டியதை முதலில் அதில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்று சொல்லிவிடும், பிறகுதான் வட்டுக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தரவை உயிரோடு வைத்திருப்பது மின்கலம். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அவ்வப்போது முழுதாக இறங்கி மீண்டும் ஏறும். அந்த நேரத்தில் கார்டு கேஷை நம்பாமல் நேராக வட்டில் எழுதும். ரெய்டு 6-இல் சின்னச் சின்னதாக எழுதும் வேலை அப்போது நத்தையாகிவிடும். ஒரு வேலை நாளில் இது நடந்தபோது எங்கள் அச்சக உரிமையாளர் கூப்பிட்டார்: "தம்பி, ஏதாவது ஓட்டிக்கிட்டு இருக்கியா? சேவ் ஆக இவ்வளவு நேரமாகுது." "இல்லண்ணா, பேட்டரி தன்னைச் சோதிக்குது, ராத்திரிக்குள்ள சரியாயிடும்" என்றேன். அதன்பிறகு அடுத்த சோதனையை 'லேர்ன்-டிலே' என்ற அமைப்பால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தேன். அதிகபட்சம் 255 மணிநேரம் தள்ளலாம். பத்து நாளுக்கு மேல் என்பதால் எங்களுக்குப் போதும்.

மின்கலம் கெட்டாலும் கேஷிலேயே எழுதச் சொல்லும் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. வேகம் கிடைக்கும் என்று அதைத் திறந்துவிடாதீர்கள். ஒரு மின்வெட்டு போதும், கடைசியாக எழுதியதெல்லாம் காற்றில் போய்விடும்.

சரி, டிரைவர் மாற்றத்துக்கு வருகிறேன். 2021-இல் ஃப்ரீபிஎஸ்டி 13.0-க்கு ஏறும்போது எம்ஆர்சாஸுக்கும் மாறிவிட முடிவு செய்தேன். 12 ஜிகாபிட் தலைமுறைக்குப் பிறகு வந்த புதிய கார்டுகளை எம்எஃப்ஐ அறியாது, என்றாவது ஒருநாள் மாறித்தான் ஆக வேண்டும். ஒரு வரி எழுதினேன், ரீபூட் செய்தேன். எந்தப் பகிர்விலிருந்து தொடங்குவது என்று கேட்கும் 'மவுண்ட்ரூட்' கேள்வியில் திரை நின்றுவிட்டது.

காரணம் எளிது. எம்எஃப்ஐ தன் வட்டுக்கு எம்எஃப்ஐடி0 என்று பெயர் வைக்கும். எம்ஆர்சாஸ், கெர்னலில் ஸ்கஸி வட்டுகளைக் கையாளும் கேம் அடுக்கின் வழியாக வருவதால் அதே வட்டு டிஏ0 ஆகிவிடும். எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் நிறுவல் நிரல் எழுதி வைத்த பழைய பெயர்தான் இருந்தது. தரவு எதுவும் தொடப்படவில்லை, கெர்னலுக்கு வீட்டு எண் மட்டும் தெரியவில்லை. அங்கே ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் கண்ணில் படும் சாதனங்களை எல்லாம் பட்டியலிடும். டிஏ0-வின் இரண்டாம் பகிர்வை யுஎஃப்எஸ் (ஃப்ரீபிஎஸ்டியின் கோப்பு முறைமை) என்று சொல்லி ஏற்றினேன், ஒற்றைப் பயனர் நிலையில் எஃப்ஸ்டேப்பைத் திருத்தினேன். பத்து நிமிட வேலைதான், ஆனால் கை நடுங்கிய பத்து நிமிடம்.

நீங்கள் மாறப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே பகிர்வுக் கருவியான ஜிபார்ட் கொண்டு ஒவ்வொரு பகிர்வுக்கும் ஜிபிடி லேபிள், அதாவது ஒரு நிலையான பெயர், ஒட்டிவிடுங்கள். எஃப்ஸ்டேப்பில் சாதனப் பெயருக்குப் பதிலாக அந்த லேபிளை எழுதுங்கள். நானும் பிறகு அப்படித்தான் செய்தேன். அப்புறம் எந்த டிரைவர் வந்தாலும் கவலையில்லை.

மாறிய பிறகு எங்கள் வேலையில் வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. கேம்கண்ட்ரோல் போன்ற இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் வட்டை அடையாளம் கண்டன, அது நிறைவாக இருந்தது. ஆனால் பழகிய ஜன்னல் மூடிக்கொண்டது. எம்எஃப்ஐ டிரைவரைக் கேட்டு எழுதிய தினசரிச் சோதனைகள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின. கார்டுத் தயாரிப்பாளரின் ஸ்டோர்சிஎல்ஐ நிரலை ஃப்ரீபிஎஸ்டியின் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸ் வழியாக நிறுவி, வட்டுவாரியாக மீடியா பிழை எண்ணிக்கையும் முன்னெச்சரிக்கை எண்ணிக்கையும் காலையில் மின்னஞ்சலில் வரும்படி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலை ஒன்றை எழுதினேன். அதன் கட்டளை வடிவம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் பழைய கட்டளையே எம்ஆர்சாஸ்யூட்டில் என்ற பெயரிலும் கிடைப்பதால் அவசரத்துக்கு அதைத்தான் தட்டுகிறேன்.

புதிதாகக் கட்டுபவர், வட்டுகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் போடப்போகிறார் என்றால் இந்தக் கார்டே வேண்டாம். வட்டுகளை மறைக்காத சாதாரண எச்பிஏ கார்டு வாங்குங்கள், எஸ்ஏஎஸ் 2008 சிப் வைத்த பழையது கூடப் போதும், எம்பிஎஸ் டிரைவர் அதைப் பார்த்துக்கொள்ளும். இசட்எஃப்எஸ் வட்டோடு நேராகப் பேச விரும்பும். நடுவில் ஒரு கேஷும் பாரிட்டியும் நிற்பது அதற்கு இடைஞ்சல். எங்களுடையது யுஎஃப்எஸ், ஆகவே கார்டின் உழைப்பு எங்களுக்கு உதவுகிறது.

ஒரு பயம் மட்டும் நெடுநாள் இருந்தது: வட்டு போனால் மாற்றலாம், கார்டே போனால்? சென்ற ஆண்டு இன்னொரு 9271 வாங்கி, கார்டுக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேரைச் சமமாக்கி, காப்புப் பிரதி எடுத்துவிட்டு ஒரு ஞாயிறன்று முறையாக அணைத்து மாற்றிப் பார்த்தேன். வரிசை அமைப்பின் விவரம் வட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புதுக் கார்டு அதை அந்நிய அமைப்பு என்று கண்டுகொண்டு, இறக்குமதி செய்ய எஃப் விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். டிஏ0 எழுந்தது, லேபிள்களைத் தேடிப் பகிர்வுகள் ஏறின, லாகின் கேட்டது.