நான்கு வருடம் ஒரே போன்: பச்சைக் கோடு விழுந்த பிறகு நடந்தது

பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். 2021 நவம்பரில் ஆன்லைனில் 27,999 ரூபாய்க்கு வாங்கிய போன்தான் இன்றும் என் கையில் இருக்கிறது. அப்போது என் சக்திக்கு அது பெரிய பணம். ஆனால் நிறத்தை நன்றாகக் காட்டும் ஆமோலெட் திரை உள்ள போன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வாடிக்கையாளர்கள் புடவையை நேரில் கொண்டுவருவதைவிட வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவதுதான் அதிகம். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத திரையை வைத்துக்கொண்டு நூல் எடுத்தால் மூன்று நாள் வேலை வீணாகிவிடும்.

முதல் மூன்று வருடம் இந்த போன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேமரா, ஜர்தோசிக் கம்பியின் மினுமினுப்பை வெளுத்துப்போகாமல் எடுக்கும். பேட்டரி முதல் இரண்டு வருடம் காலையிலிருந்து இரவுவரை தாங்கியது, அப்புறம் மதியம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டியதாயிற்று. 128 ஜிபி இடம் டிசைன் படங்களாலேயே நிரம்பிவிட்டது, அது என் தொழிலின் பாடு. ஒருமுறைகூட கீழே விட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பவுச்சும் கண்ணாடி கார்டும் இல்லாமல் ஒரு நாளும் வைத்ததில்லை. வெளிக் கடையில் கழற்றியதும் இல்லை.

2025 ஏப்ரலில் ஒரு ராத்திரி அப்டேட் வந்தது. போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் திரையின் இடப்பக்கம், மேலிருந்து கீழ்வரை மயிரிழை அளவில் ஒரு பச்சைக் கோடு. தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வரும் கறுப்புத் திரையிலேயே கோடு பளிச்சென்று எரிந்தது. மூன்று நாளில் பக்கத்திலேயே இன்னொரு பச்சை, அதற்கு அடுத்து ஒரு ரோஸ். ஒரு கல்யாணப் பெண் அனுப்பிய காஞ்சிபுரம் புடவைப் படத்தைத் திறந்தால், மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் சேரும் இடத்தில் சரியாக அந்த மூன்று கோடும் நின்றன. படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி நகர்த்தித்தான் கரையின் நிறத்தைப் பார்க்க முடிந்தது.

இது ஏன் வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், பின்னால் விளக்கு கிடையாது. மேலிருந்து கீழாக உள்ள ஒவ்வொரு புள்ளி வரிசைக்கும் ஒரு நுண்ணிய கம்பி வழியாகத்தான் கட்டளை போகிறது. அந்தக் கம்பிகள் எல்லாம் திரையின் அடி ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையில் சேர்ந்து பின்பக்கம் மடிகின்றன. அங்கே ஒரே ஒரு இணைப்பு விட்டுப்போனாலும் அந்த வரிசை கட்டளைக்கு அடங்காமல் எரிந்துகொண்டே இருக்கும். பலவீனமான இணைப்பு, சூடு ஏறும் நேரத்தில் விட்டுப்போகலாம். அப்டேட் ஓடும்போது போன் நன்றாகச் சூடாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதனால்தான் பலருக்கும் அப்டேட் போட்ட மறுநாள் கோடு விழுகிறது என்கிறார்கள். நாம் தேய்த்துப் பழசாக்கியதால் வருவதில்லை இது.

இந்திராநகர் பக்கம் இருந்த அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் 41. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்ட பையன், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை அடித்துப் பார்த்துவிட்டு போனைத் திரும்பக்கூடப் பார்க்காமல், “வாரண்டி முகிதோகிதே மேடம்” என்று கன்னடத்தில் சொன்னான், முடிந்துவிட்டதாம். டிஸ்ப்ளே மாற்ற 11,800 ரூபாய் எஸ்டிமேட். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாண சீசனில் முழுதாக இரண்டு ரவிக்கைக்கு உட்கார்ந்தால்தான் அந்தப் பணம் வரும்.

சரி, போனைத் திறந்தாவது பாருங்கள் என்றேன். சிம் டிரேயை வெளியே இழுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். என் போனில் வெள்ளையாகவே இருந்தது. நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தான். அடி இல்லை, நெளிவு இல்லை. போனைப் பார்த்ததற்குத் தரும் ஜாப் ஷீட் என்ற சீட்டில் “டிஸ்ப்ளேயில் கோடு, வாரண்டி இல்லை, வாடிக்கையாளர் ரிப்பேர் வேண்டாம் என்றார்” என்று மட்டும் எழுதி நீட்டினான். அதை நான் வாங்கவில்லை. “தண்ணீர் படவில்லை, அடிபடவில்லை என்று நீங்களே பார்த்தீர்களே தம்பி, அதையும் எழுதுங்கள்” என்றேன். அதெல்லாம் வழக்கம் இல்லை என்றான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, கடைசியில் அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து, சீல் வைத்துக் கொடுத்தான். பாவம், அவன் நல்ல பையன், மாதச் சம்பளத்துக்கு எல்லார் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறான். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வரி இல்லாமல் வீட்டுக்கு வந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. இந்த அனுபவத்தில் நான் யாருக்காவது ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால் அது இதுதான்: அடிபடவில்லை, தண்ணீர் படவில்லை என்று எழுத்தில் வாங்காமல் சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே வராதீர்கள்.

நூலும் மணியும் வாங்க எப்படியும் சிக்பேட்டைக்குப் போக வேண்டும். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் அடுத்த நிறுத்தம் சிக்பேட்டை, அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோடு நடக்கிற தூரம். அங்கே ஒரு சந்துக்குள் தர்மபுரிக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். போனை வாங்கிக் கோட்டை ஒரு நிமிடம் பார்த்தார். “காப்பி டிஸ்ப்ளே மூவாயிரத்து இருநூறும்மா. போட்டா கைரேகை வேலை செய்யாது, கலரும் வெளுப்பாத்தான் இருக்கும். உன் தொழிலுக்கு ஆகாது” என்றார். லேசர் மெஷினில் கோட்டை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் முழுத் திரையும் போனாலும் போகும், அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன மனிதர். கிளம்பும்போது, “வாரண்டி முடிஞ்சவங்களுக்கும் சில கம்பெனி இந்தக் கோட்டுக்கு ஃப்ரீயா மாத்திக் குடுத்திருக்கும்மா. கேட்டுப் பாரு, கேக்காதவங்களுக்குத்தான் இல்லை” என்றார். அவர் சொன்னது நிஜம்தான். இந்தியாவில் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு அப்படி மாற்றித் தந்திருக்கின்றன. என் மாடல் அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் எதிர் வீட்டு அண்ணன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். ஜாப் ஷீட்டைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இது போதும் பாப்பா” என்றார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘குறைபாடு’ என்றால் என்ன என்று சொல்லியிருக்கும் இடத்தை எடுத்துக் காட்டினார். தரத்தில் உள்ள எந்தப் பிழையும், குறையும் அதில் வரும். எழுதிய ஒப்பந்தம் மட்டும் கணக்கில்லை, எழுதாமலே இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டதும் கணக்கு, வியாபாரி தன் பொருளைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் கணக்கு. அந்த வரையறையில் வாரண்டி என்ற பேச்சே இல்லை. அதற்காக வாரண்டி முடிந்த பொருளுக்கெல்லாம் ஜெயித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. தயாரிப்பிலேயே இருந்த குறைதான் இது என்று நாம்தான் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளைச் சோதனைக்கு அனுப்பும். வழக்குப் போட இரண்டு வருடக் கெடு உண்டு. குறை தெரியவந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும் என்று வாதாடலாம், ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டியது ஆணையம். அதனால் தள்ளிப்போடாதே என்றார்.

எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது வேறு விஷயம். அந்த போனை விற்கும்போது நான்கு வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், விலையை அக்காவுக்கு அனுப்புவதற்காக. நான்கு வருடம் அப்டேட் என்றால் இந்த போன் நான்கு வருடம் உழைக்கும் என்று அவர்களே சொன்னதுதானே? மூன்றரை வருடம்கூட ஆகாமல், அவர்கள் அனுப்பிய அப்டேட்டைப் போட்ட மறுநாளே திரை போனால் அதை எப்படி என் தலையில் கட்ட முடியும்? இதைத்தான் என் எல்லாக் கடிதத்திலும் எழுதினேன்.

முதலில் விற்ற ஆன்லைன் கடையின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கெடுவுக்குள் பதில் வந்தது, ஆனால் கைவிரித்துவிட்டார்கள். அடுத்து தயாரித்த நிறுவனத்துக்கு. எங்கள் நல்லெண்ணத்தைக் காட்ட 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். எனக்குத் தேவை அவர்கள் நல்லெண்ணம் இல்லை.

மே மாதம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். 17 மொழிகளில் பேசலாம், நான் தமிழையே தேர்ந்தெடுத்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, பில், ஜாப் ஷீட், கோட்டின் போட்டோ எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லி, புகார் எண் கொடுத்தார். ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1915 நீதிமன்றம் இல்லை, அவர்கள் நிறுவனத்துக்கு உத்தரவு போட முடியாது. புகாரைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கே, பத்து நாளில் 20 சதவீதம் 50 சதவீதமாக மாறியது. வீட்டில் எல்லாரும் வாங்கிக்கொள் என்றார்கள். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. அந்த வாரத்தில் ரோஸ் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது, நூல் நிறம் பார்க்க என் தங்கை போனைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும், குறை அவர்களுடையது என்றால் பாதி ஏன் என்னுடையது? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். வெள்ளைத் தாள், ஒன்றரைப் பக்கம், என் பெயரில், என் கையெழுத்தில். வக்கீல் லெட்டர்பேட் இல்லை. வாங்கிய தேதி, ஐஎம்இஐ, ஜாப் ஷீட் எண், அந்த ஒரு வரி அப்படியே, அப்டேட் விளம்பரம், 1915 புகார் எண். 15 நாளுக்குள் டிஸ்ப்ளேயை இலவசமாக மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அது வெறும் மிரட்டல் இல்லை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2025 தொடக்கத்திலிருந்து நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நேரில் என்றாலும் ஆணையம் இருக்கும் சாந்திநகர் பிஎம்டிசி கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரம். மனுவையும் தயாராகவே எழுதி வைத்துவிட்டுத்தான் அல்சூர் தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் தபால் போட்டேன், ஒப்புகை அட்டையோடு.

அட்டை ஆறாம் நாள் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பன்னிரண்டாம் நாள் போன். இந்த முறை பேசியவர் என் பெயரைச் சொல்லி, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டதாகவும் டிஸ்ப்ளேக்குப் பணம் வேண்டாம், வேலைக்கூலி மட்டும் கட்டினால் போதும் என்றும் சொன்னார். 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 590. அதற்கும் சண்டை போடலாம் என்றார் அண்ணன். நான் போடவில்லை, எனக்குத் திரை வேண்டியிருந்தது. இதை மெயிலில் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன், அனுப்பினார்கள். படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு போனைக் கொடுத்தேன். ஜூன் கடைசி வாரம், காலையில் கொடுத்து மாலையில் வாங்கிவிட்டேன். அதே கவுன்டர், அதே பையன். “ஆயித்தா மேடம்?”, முடிந்ததா என்று கேட்டுச் சிரித்தான், அவனுக்கும் சந்தோஷம்தான்.

புதுத் திரை நன்றாக இருக்கிறது. கைரேகை முன்பைவிடச் சட்டென்று எடுக்கிறது. மாற்றிய பாகத்துக்கு மூன்று மாதம் வாரண்டி கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது, கோடு திரும்ப வரவில்லை. அப்டேட் வந்தால் இப்போது போனைச் சூடு ஆறவைத்து, சார்ஜரிலிருந்து எடுத்து, பவுச்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போடுகிறேன். பேட்டரிதான் மிகவும் இளைத்துவிட்டது, மதியம் இரண்டு மணிக்கே 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அது நான் உழைத்து உழைத்துத் தேய்ந்தது, அதற்கு என் பணத்தில்தான் மாற்றுவேன். பொங்கல் ஆர்டர் முடிந்ததும் போக வேண்டும்.

பழைய ஜாப் ஷீட், ஒப்புகை அட்டை, 590 ரூபாய் ரசீது மூன்றும் நூல்கண்டுப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. போன வாரம் மர்பி டவுனிலிருந்து ரவிக்கை கொடுக்க வந்த ஒரு அக்கா தன் போனை நீட்டினார். வேறு நிறுவனம், வாங்கி இரண்டு வருடம், வலது ஓரத்தில் பச்சைக் கோடு. ஜாப் ஷீட் வாங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். என்னுடையதை எடுத்து, எந்த வரியை எழுதி வாங்க வேண்டும் என்று காட்டி, அதை அவர் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.